மேற்கு மாம்பலத்தில் ஒரு கிறுக்கு ஓப்பனிங் போட்டி

எழும்பூரில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் மாம்பலம். கிழக்குப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெருக் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். நான் மேற்குப் பக்கம் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால். பூக்கடை, காய்கறிக் கடை, அப்பளக் கடை என்று தெரு நிதானமாகப் போனது. அயோத்தியா மண்டபத்தைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பினால், கீழே மளிகைக் கடையும் மேலே இரண்டு மாடியுமாக ஒரு பழைய வீடு. படிக்கட்டு குறுகல். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட நீள அறை. அதுதான் செஸ் கிளப்.

இங்கே வரச் சொன்னவர் ஒரு நண்பர். "ஆன்லைன்ல கிளப் போட்டி நடத்தறாங்க. ஒருத்தரும் ஒழுங்கா ஆட ஆரம்பிக்கிறதில்ல. எல்லாம் கிறுக்கு ஓப்பனிங். எதிராளிக்குத் தலைகால் புரியாது. இருநூறு ரேட்டிங் கூட இருக்கறவங்களே காலி" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது நிஜமா என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ஆன்லைன் போட்டிக்கு எதற்கு ஓர் அறை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. வீட்டுக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் 'சார்', விளக்கினார். 2020 ஊரடங்கில் ஆரம்பித்த குழு இது. அப்போது அவரவர் வீட்டிலிருந்து ஆடினார்கள். ஊரடங்கு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் இங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கிருந்தபடியே சேர்ந்துகொள்கிறார்கள். அன்றைக்குப் பதிவு செய்திருந்தவர்கள் 26 பேர். அறையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் கோவை, திருநெல்வேலி, துபாய், சிங்கப்பூர். நமக்கு மாலை ஐந்து மணி என்றால் சிங்கப்பூரில் ஏழரை, துபாயில் மூன்றரை. எல்லாருக்கும் ஒத்து வருகிற நேரம் இதுதான் என்றார்.

ஆடுவது லிசெஸ் தளத்தில். 2010-இல் பிரெஞ்சு நிரலாளர் திபோ துப்லெஸி தொடங்கியது. விளம்பரமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஒரு குழு வைத்திருந்தால் உறுப்பினர்களுக்கு மட்டும் சுவிஸ் முறைப் போட்டி நடத்திக்கொள்ளலாம். சுவிஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள். அன்று ஏழு சுற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விநாடி கூடுதல். அறையில் இருப்பவர்கள் காபி, பஜ்ஜிச் செலவுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தார்கள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அந்த மாதத்து விதி: வெள்ளையில் ஆடும்போது முதல் நகர்வு இ4, டி4, சி4, குதிரை எஃப்3 இந்த நான்கில் ஒன்றாக இருக்கக் கூடாது. கறுப்பில் ஆடும்போது சார் எழுதி வைத்திருக்கிற பட்டியலிலிருந்து ஒன்றை ஆட வேண்டும். எங்லண்ட் கேம்பிட், லாட்வியன் கேம்பிட், ஸ்டாஃபோர்ட் கேம்பிட், செயின்ட் ஜார்ஜ் டிஃபென்ஸ் என்று பட்டியல் நீண்டது. ஏழில் ஐந்து ஆட்டமாவது இப்படி ஆடியவர்களில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு 'கிறுக்குப் பரிசு' முந்நூறு ரூபாய். விருப்பமில்லாதவர்கள் வழக்கம்போல் ஆடலாம். அவர்களுக்கு முதல் பரிசு ஐந்நூறு மட்டும்தான் குறி.

பலகைக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் ஆனந்த், இன்னொன்றில் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆன குகேஷ். "இவங்க யாரும் கிறுக்கு ஓப்பனிங் ஆடி சாம்பியன் ஆகலையே சார்" என்றேன். சார் விடவில்லை. "1980-இல் ஸ்வீடன்ல, ஸ்காராங்கிற ஊர்ல, டோனி மைல்ஸ் என்ன பண்ணினார் தெரியுமா? உலக சாம்பியன் கார்ப்போவ் இ4 ஆடறார். இவர் ஏ6! ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தறார். ஜெயிச்சும் காட்டினார்." அது உண்மைதான். ஐரோப்பிய அணிகள் போட்டியில் நடந்தது. ஏ6 என்கிற இந்த செயின்ட் ஜார்ஜ் டிஃபென்ஸுக்கு இன்றுவரை அந்த ஒரு ஆட்டம்தான் பெரிய சாட்சி. ஆனால் ஆடியவர் மைல்ஸ், பிரிட்டனின் முதல் கிராண்ட்மாஸ்டர்களில் ஒருவர் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஐந்து மணிக்கு முதல் சுற்று. மின்விசிறிச் சத்தம் தவிர அறையில் வேறு சத்தமில்லை. ஆட்டம் நடக்கும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது, முடித்தவர்கள் வெளியே மாடிக்குப் போய்விட வேண்டும் என்பது இங்கே கண்டிப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்றேன்.

முதலில் நின்றது வேளச்சேரியிலிருந்து பைக்கில் வந்திருந்த இளைஞர் பின்னால். வெள்ளை இவருக்கு. எதிரே திருநெல்வேலிக்காரர். யோசிக்காமல் ஜி4 ஆடினார். ராஜா பக்கத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் போய் அநாதையாக நிற்கிறது. இதற்கு க்ரோப் என்று பெயர். ஹென்றி க்ரோப் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இதையே பிழைப்பாக வைத்திருந்தார். தான் எழுதிய பத்திரிகைப் பத்தி வழியாக வாசகர்களோடு தபால் ஆட்டம் ஆடி, ஆயிரக்கணக்கான முறை இதைப் பரீட்சித்தவர்.

திருநெல்வேலிக்காரர் டி5 ஆடினார். இவர் பிஷப்பை ஜி2-இல் வைத்தார். ஜி4 சிப்பாய் இப்போது சும்மா கிடக்கிறது. அவர் பிஷப்பால் அதை எடுத்தார். இவர் உடனே சி4. இங்கேதான் பொறி. கறுப்பு அந்த சி4 சிப்பாயையும் எடுத்தால் டி5 கட்டம் காலியாகி, ஜி2 பிஷப்புக்கு மூலைவிட்டம் முழுக்கத் திறந்துவிடும். திருநெல்வேலியில் கடிகாரம் நாற்பது விநாடி ஓடியது. பிறகு சி4-ஐ எடுத்தார். பைக் இளைஞரின் பிஷப் பி7 சிப்பாயைத் தின்று, அடுத்து ஏ8 யானையையும் தின்றது. கறுப்பு ராணி அந்த பிஷப்பை எடுத்துவிட்டு ஹெச்1 யானையைக் குறிவைத்தது. இவர் எஃப்3. அந்த ஒரே நகர்வில் ராணியின் வழியும் அடைந்தது, ஜி4-இல் நின்ற பிஷப்பும் மிரட்டப்பட்டது. இருபத்தைந்து நகர்வுக்குள் ஆட்டம் முடிந்தது. வெளியே வந்து என்னிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நண்பர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இரண்டாம் சுற்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். எல்லாரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள். கறுப்பு அவளுக்கு. கோவைக்காரர் டி4 ஆட, இவள் இ5 சிப்பாயைக் கொண்டுபோய் நேராக வாயில் கொடுத்தாள். எங்லண்ட் கேம்பிட். அவர் எடுத்தார். குதிரை சி6. அவரும் குதிரை எஃப்3 வைத்து இ5-ஐக் காத்தார். இவள் ராணியை இ7-க்குக் கொண்டுவந்தாள். அவர் பிஷப்பை எஃப்4-இல் வைத்து இன்னொரு காவல் போட்டார். உடனே ராணி பி4-க்குத் தாவி செக். அவர் பிஷப்பை டி2-க்குப் பின்வாங்கி மறித்தார். ராணி பி2 சிப்பாயை விழுங்கியது. இப்போது ஏ1 யானை ஆபத்தில்.

கோவைக்காரர் செய்தது, பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது. பிஷப்பை சி3-க்கு நகர்த்தி ராணியை மிரட்டினார். பாப்பா ஒரு விநாடிகூட எடுக்காமல் தன் பிஷப்பை பி4-இல் வைத்தாள். சி3 பிஷப்புக்குப் பின்னால் ராஜா இருப்பதால் அது ராணியை எடுக்க முடியாது. அவர் ராணியை டி2-க்குக் கொண்டுவந்து காவல் கொடுத்தார். இவள் சி3 பிஷப்பை எடுத்தாள். அவர் ராணியால் திருப்பி எடுத்தார். ராணியால் எடுத்ததும் டி2 காலி. பாப்பாவின் ராணி பி2-இலிருந்து சி1-க்கு ஒரு கட்டம் நகர்ந்தது. மேட். வெள்ளை ராஜாவுக்குப் போக இடமில்லை, குறுக்கே வைக்க ஆளுமில்லை. எட்டே நகர்வு. கடிகாரத்தைப் பார்த்தேன். அவளிடம் ஐந்து நிமிடத்துக்கு மேலேயே இருந்தது. கூடுதல் மூன்று விநாடிகள் அவள் செலவழித்ததைவிட அதிகம்.

இடைவேளையில் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. கீழ்க்கடையில் பஜ்ஜி ஒன்று பத்து ரூபாய் என்று எண்ணெய் ஊறிய சீட்டில் எழுதியிருந்தது. நான் பஜ்ஜியோடு மாடியில் நின்றிருந்தபோது, பாப்பா மட்டும் உள்ளேயே உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பைக் இளைஞரின் பழைய ஆட்டங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாம் க்ரோப்.

"அடுத்த சுற்று இவரோடவா?" என்றேன்.

"தெரியாது அங்கிள். ஆனா ரெண்டு பாயின்ட்ல இருக்கறவங்க நாலஞ்சு பேர்தான். இன்னைக்குள்ள எப்படியும் வருவார்."

அவர் ஆடிய அத்தனை ஆட்டமும் அவருடைய பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது. முடிந்த ஆட்டத்தின் தலையில் ஓப்பனிங்கின் பெயர்கூட எழுதியிருக்கிறது. எந்த நகர்வுக்கு எத்தனை முறை யார் ஜெயித்தார்கள் என்று விழுக்காட்டோடு காட்ட ஒரு பட்டியலும் இருக்கிறது. நண்பர் சொன்ன கதையில் இது இல்லை.

நான்காம் சுற்றில் அவள் சொன்னபடியே ஆயிற்று. பைக் இளைஞருக்கு வெள்ளை, பாப்பாவுக்குக் கறுப்பு. ஒரே அறையில், ஆறடி தூரத்தில், ஆளுக்கொரு திரை. ஜி4. டி5. பிஷப் ஜி2. இங்கே பாப்பா ஜி4 சிப்பாயைத் தொடவில்லை. சி6 என்று ஒரு கட்டம் நகர்த்தி டி5-க்குப் பின்னால் சுவர் வைத்தாள். இப்போது சி4 ஆடினாலும் மூலைவிட்டம் திறக்காது. இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை மவுஸிலிருந்து எடுபட்டுத் தாடைக்குப் போனது. ஐம்பது விநாடி. ஹெச்3 ஆடி ஜி4-ஐக் காத்தார். அவள் இ5. நடுவில் கறுப்புச் சிப்பாய்கள் இரண்டு அருகருகே நிற்கின்றன. வெள்ளைக்கு என்ன இருக்கிறது? ராஜாவுக்குக் கூரையாக இருக்க வேண்டிய சிப்பாய்கள் முன்னால் போய் நிற்பதுதான் மிச்சம். அப்புறம் அவள் ஹெச்5 சிப்பாயைத் தள்ளி அந்த ஜி4-ஐ உடைத்தாள். முப்பது நகர்வைத் தாண்டியதும் இளைஞரின் கடிகாரம் சிவப்பானது. தோற்றார். தோற்றது அவர் அறிவுக் குறைவால் இல்லை. அவருக்குப் பழக்கம் எதிராளி ஜி4-ஐ எடுத்த பிறகு வரும் ஆட்டம்தான். எடுக்காத ஆட்டத்தை அவர் அதிகம் ஆடியதேயில்லை.

ஆறாம் சுற்றில் பாப்பாவுக்கும் அதே கதி. துபாய்க்காரர் டி4 ஆட, இவள் எங்லண்ட். ராணி பி2-ஐ எடுக்கும்வரை எழுத்துப் பிசகாமல் அதே நகர்வுகள். ஆனால் இந்த முறை பிஷப் சி3 வரவில்லை. குதிரை சி3. அவ்வளவுதான் வித்தியாசம். பாப்பா உதட்டைக் கடித்தாள். பிஷப் பி4. யானை பி1-க்கு வந்து ராணியை விரட்டியது. ராணி ஏ3. யானை பி3. ராணி ஏ5. எட்டு நகர்வில் ஐந்து நகர்வு ராணிக்கே போயிருந்தது. அத்தனை அலைந்தும் ராணி கடைசியில் ஓரத்தில் ஒதுங்கியதுதான் மிச்சம். வெள்ளைக்கோ குதிரை இரண்டும், ஒரு பிஷப்பும், ஒரு யானையும் வெளியே வந்தாயிற்று. இருபத்தெட்டு நகர்வில் பாப்பா தோற்றாள்.

ஆட்டம் முடிந்ததும் குழுவின் வாட்ஸ்அப்பில் துபாய்க்காரர் எழுதியதை அவளே என்னிடம் காட்டினாள்: "போன மாசம் இதே கிணத்துல விழுந்தேனே பாப்பா, மறந்துட்டியா?"

இதற்கு நடுவே, ஜன்னல் ஓரத்தில் ஒருவர் சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போஸ்ட் ஆபீஸ் மாமா என்று பெயர். பழைய டேப்லெட், அதன் கண்ணாடியில் ஒரு கீறல். வெள்ளை வந்தால் பி4. கறுப்பில் இ4-க்கு ஏ6. வேறு எதுவும் அவர் ஆடி நான் பார்க்கவில்லை. இந்த பி4-க்குச் சொக்கோல்ஸ்கி என்று ஒரு பெயர். சோவியத் ஆட்டக்காரர் அலெக்சி சொக்கோல்ஸ்கி 1963-இல் இதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். ஒராங்குட்டான் என்று இன்னொரு பெயரும் உண்டு. 1924-இல் நியூயார்க் போட்டியின்போது தார்த்தகோவர் என்ற ஆட்டக்காரர் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலைக்குப் போய், சூசன் என்ற ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் மரோட்சிக்கு எதிராக பி4 ஆடியதால் வந்த பெயர்.

மாமாவின் ஐந்தாம் சுற்று ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். பி4. எதிராளி இ5. பிஷப் பி2. எதிராளி பிஷப்பால் பி4-ஐ எடுத்தார். மாமா பிஷப்பால் இ5-ஐ எடுத்தார். பொறி எதுவும் இல்லை. ஓரமாக இருந்த ஒரு சிப்பாயைக் கொடுத்து நடுவில் இருந்த சிப்பாயை வாங்கிக்கொண்டார். எதிராளி அதை நன்றாகத் தெரிந்தவர். நகர்வுகள் டக் டக் என்று வந்தன. மாமாவுக்கும் அதில் ஆச்சரியமில்லை. பன்னிரண்டு நகர்வு முடிந்தபோது மாமாவின் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பத்து விநாடி. தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம். முப்பதாவது நகர்வுக்கு மேல் ஒரு குதிரையும் சில சிப்பாய்களும் இருந்த முடிவாட்டத்தில் நிதானமாக வென்றார்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் ஏழாம் சுற்று முடிந்தது. முதல் பரிசு சிங்கப்பூரில் படிக்கும் ஒரு மாணவருக்கு, ஆறு புள்ளி. கிறுக்குப் போட்டியில் அவர் சேரவே இல்லை. இ4 ஆடி, இத்தாலியன் ஆடி, ஊரே ஆடுகிற ஆட்டத்தை ஆடினார். மாமாவுக்கு ஐந்து. முந்நூறு ரூபாய் அவருக்கு. பாப்பாவுக்கு நாலரை. பைக் இளைஞருக்கு மூன்று.

சார் சுவரில் இருந்த டிவியில் ஆட்டங்களைப் போட்டு ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினை ஓடவிட்டார். ஜி4 ஆடிய உடனேயே கறுப்புக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவுக்குச் சாதகம் என்று காட்டியது. அதாவது வெள்ளை முதல் நகர்விலேயே கடன் வாங்கிவிட்டது. மாமாவின் பி4-க்கு அதில் பாதிகூட இல்லை. பைக் இளைஞர் சிரித்தார். "2021-இல் கார்ல்சனும் நாகமுராவும் ரெண்டாவது நகர்வுலயே ராஜாவை வெளியே நடக்க விட்டாங்களே, அதுக்கு இன்ஜின் என்ன சொல்லும்?" என்றார். அந்த ஆட்டமும் நிஜமாக நடந்ததுதான். ஆறே நகர்வில் டிரா. ஆனால் இருவரும் அதற்கு முன்பே அந்தப் போட்டியின் அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் இழக்க எதுவும் இல்லாததால் விளையாட முடிந்தது.

கிளம்பும் முன் மாமா என்னை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். திரையில் இல்லை, முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய, சுருட்டி வைக்கும் பலகையில், மாடியில், பல்பு வெளிச்சத்தில். ஆளுக்குப் பத்து நிமிடம். பி4 ஆடினார். அன்று மாலை முழுவதும் அதைப் பார்த்திருந்ததால் முதல் ஐந்து நகர்வை நானும் வேகமாக ஆடினேன். ஆறாவதிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. பதினைந்தாவது நகர்வில் எனக்கு நாலு நிமிடம் மிச்சம், அவருக்கு எட்டரை. நாற்பதுக்குள் முடித்துவிட்டார்.

"எத்தனை வருஷமா மாமா இதையே ஆடறீங்க?" என்று கேட்டேன்.

"வேலைல சேர்ந்த புதுசுல ஆரம்பிச்சது. எல்லாருக்கும் தெரியும் நான் பி4 ஆடுவேன்னு. தெரிஞ்சா என்ன? அதுக்கப்புறம் முப்பது நகர்வு இருக்கே. அது எனக்குத் தெரியும்."

அன்று பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடப்போகிறீர்கள் என்றால் பொறி வைத்த ஓப்பனிங் வேலை செய்யும். கிளப் போட்டியில் அப்படி இல்லை. மாதா மாதம் அதே இருபத்தைந்து முப்பது முகங்கள், ஆடிய ஆட்டமெல்லாம் அழியாமல் கிடக்கிறது, ஒருமுறை விழுந்தவர் மறுமுறை பதிலோடு வருகிறார். நண்பர் சொன்ன 'தலைகால் புரியாத' நேரம் முதல் இரண்டு சுற்றோடு சரி.

அதனால் கிறுக்கு ஓப்பனிங் ஆட ஆசையிருந்தால், பொறியில் விழுந்தவர்களின் ஆட்டங்களைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதிராளியின் மிகச் சரியான பதில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். க்ரோப் என்றால் சி6, எங்லண்ட் என்றால் குதிரை சி3. அந்தப் பதில் வந்த பிறகும் உட்கார்ந்து ஆட உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் அதை உங்கள் ஓப்பனிங்காக வைத்துக்கொள்ளுங்கள்.